காயில் போனால் கீசரே போனதாகாது

மார்கழி பிறந்து, வெந்நீர் இல்லாமல் குளிக்க முடியாது என்ற நிலை வரும்போதுதான் கீசர் வேலை செய்யாதது தெரியவரும். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு, "காயில் போயிடுச்சு" என்பார். அடுத்த நிமிடமே வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் ஒரே தீர்ப்பு எழும்: "ஆறேழு வருஷம் உழைச்சாச்சு. இனிமே அதுல காசு போடாதீங்க, புதுசா வாங்கிடுங்க." கடைக்காரர் இதைச் சொல்வதில் வியப்பில்லை. சிக்கனமாகக் குடும்பம் நடத்துகிறவர்களும், நன்கு படித்தவர்களும், சில எலக்ட்ரீஷியன்களுமேகூட இதையே நல்ல யோசனை என்று நம்பிச் சொல்வதுதான் கவலை தருகிறது. பழைய கீசருக்குக் காயில் மாற்றுவது வீண் செலவு, கரண்ட் பில் ஏறும், ஷாக் அடிக்கும், எப்படியும் அடுத்த வருஷம் டேங்க் ஓட்டையாகும் என்று காரணங்களை அடுக்குகிறார்கள். இவற்றில் ஒன்றுகூட கீசரின் மூடியைக் கழற்றிப் பார்த்துச் சொல்லப்பட்டதல்ல. மூடியைக் கழற்றினால் வேறு உண்மை தெரிகிறது.

குளியலறைச் சுவரில் தொங்கும் 15 லிட்டர் சேமிப்புக் கீசரில் சூடு தருகிற பாகம் ஒன்றே ஒன்று: வளைத்த ஓர் உலோகக் குழாய். அதுதான் காயில். குழாயின் நடுவே நிக்கலும் குரோமியமும் கலந்த நைக்ரோம் கம்பி சுருளாக ஓடுகிறது. கம்பி குழாயைத் தொட்டுவிடாதபடி சுற்றிலும் மக்னீசியம் ஆக்சைடு பொடியை இறுக்கி அடைத்திருப்பார்கள். இந்தப் பொடி வெப்பத்தை வெளியே விடும், மின்சாரத்தைத் தடுத்து நிறுத்தும். நைக்ரோம் வகைக் கலவைக்கு அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் 1906-இல் காப்புரிமை பெற்றார். சிவக்கக் காய்ந்தாலும் காற்றில் உதிர்ந்துபோகாத அந்தக் கம்பிதான் மின்சாரத்தால் சூடாகும் சாதனங்கள் வீட்டுக்குள் வருவதற்கு வழி திறந்தது.

இனி அந்தக் குழாய் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஒரு வட்டத் தகட்டில் அது நிற்கிறது. தகட்டுக்கும் டேங்குக்கும் நடுவே ரப்பர் கேஸ்கெட் இருக்கிறது. சுற்றிலும் போல்ட் போட்டு டேங்கின் அடியில் இறுக்கியிருக்கிறார்கள். வெல்டிங் கிடையாது, பசை கிடையாது. ஒரு பொறியாளர் போல்ட் வைக்கிறார் என்றால் அந்த இடம் திறக்கப்பட வேண்டும் என்று நினைத்துத்தான் வைக்கிறார். காயில் ஒருநாள் தீரும், டேங்க் அதற்குப் பிறகும் நிற்கும் என்பது வடிவமைத்த அன்றைக்கே கணக்கில் எடுக்கப்பட்ட விஷயம். குக்கரில் கேஸ்கெட் தளர்ந்தால் கடைக்குப் போய் அளவு சொல்லி வேறு வாங்கி வருகிற அதே வீட்டில், காயில் போனதும் கீசரையே கழற்றி எறிவது எந்த நியாயத்தில் சேரும்?

"நிறுவனங்களே அப்படி நினைக்கவில்லையே" என்று சொல்பவர்கள் தங்கள் வாரண்டி அட்டையை எடுத்துப் படிக்கட்டும். டேங்குக்கு ஒரு காலம், காயிலுக்கு வேறொரு காலம், மொத்தச் சாதனத்துக்கு இன்னொரு காலம் என்று தனித்தனியாக அச்சடித்திருப்பார்கள். பல அட்டைகளில் டேங்குக்கு 5 அல்லது 7 ஆண்டுகள் இருக்கும். காயிலுக்கு அதைவிடக் குறைவாகவே இருக்கும். காயிலைவிட டேங்க் நீண்ட காலம் உழைக்கும் என்று விற்றவரே எழுத்தில் கொடுத்திருக்கிறார். வாங்குகிறவர்தான் அதை மறந்துவிட்டு, காயிலின் சாவை கீசரின் சாவாக எடுத்துக்கொள்கிறார்.

காயில் ஏன் சாகிறது என்பதுதான் இந்த விவாதத்தின் உயிர்நாடி. நம் ஊரில் பெரும்பாலும் அதைக் கொல்வது தண்ணீர். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. போர் தண்ணீரை நம்பியிருக்கும் தமிழ்நாட்டு வீடுகள் பலவற்றில் அந்த மேல் எல்லையே சாதாரணம். பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிறதே, அது இந்த நீர் விட்டுச்செல்கிற தடம். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடு ஏறும்போது பிரிந்து கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது. கால்சியம் கார்பனேட்டுக்கோ, சூடு கூடக்கூடக் கரைதிறன் குறையும் இயல்பு. ஆகவே டேங்கில் மிகச் சூடான இடம் எதுவோ அங்கேதான் முதலில் படியும். அந்த இடம் காயிலின் மேற்பரப்பு.

செம்பு கடத்தும் வெப்பத்தில் நூறில் ஒரு பங்கைக்கூட இந்த உப்புப் படிவம் கடத்தாது. உள்ளே கம்பி தருகிற சூடு எளிதில் வெளியேற முடியாமல் குழாய் அளவுக்கு மீறிக் காய்கிறது. தினமும் காலையில் விரிந்து, பிறகு சுருங்கி, கடைசியில் எங்கோ ஒரு மயிரிழை வெடிப்பு விழுகிறது. வெடிப்பின் வழியே நீர் உள்ளே போய்ப் பொடியை நனைக்கிறது. நனைந்த பொடி மின்சாரத்தைத் தடுக்காது. சுவிட்சைப் போட்டதும், மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. விழுகிறது. வெடிப்பு விழாத காயிலில் கம்பியே அறுந்துபோகிறது. அப்போது எதுவும் விழாது, தண்ணீர் மட்டும் சூடாகாது.

இதைப் புரிந்துகொண்ட பிறகு "புதுசு வாங்கு" என்ற யோசனையை எடைபோடுங்கள். புதுக் கீசரும் அதே மேல்நிலைத் தொட்டியிலிருந்து அதே தண்ணீரைத்தான் வாங்கப் போகிறது. அதற்குள்ளும் நைக்ரோம் கம்பிதான், அதே பொடிதான், அதே குழாய்தான். நோய் தண்ணீரில் இருக்க, எட்டாயிரம் ரூபாய் கொடுத்து டேங்கை மாற்றுவதால் எதுவும் குணமாகாது. பழைய கீசரைத் திறந்து காயில் மாற்றுகிறவருக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது: செம்புக் குழாயால் ஆன காயில் இருந்தால், அதே அளவிலும் அதே வாட்டிலும் இன்கோலாய் உறை போட்ட காயிலைத் தேடிப் போடலாம். இரும்பு, நிக்கல், குரோமியம் கலந்த அந்த உறை உப்புத் தண்ணீரையும் மிகைச் சூட்டையும் செம்பைவிட நன்றாகத் தாங்கும். புதுக் கீசர் வாங்குகிறவர்களில் எத்தனை பேர் உள்ளே எந்த உறை இருக்கிறது என்று கேட்டு வாங்குகிறார்கள்?

"ஒண்ணு போனா எல்லாம் வரிசையா போகும்" என்பது அடுத்த வாதம். டேங்கைத்தான் குறிவைத்துச் சொல்கிறார்கள். டேங்க் ஏன் ஓட்டையாகிறது என்பதற்கும் காயில் ஏன் போகிறது என்பதற்கும் வேறு வேறு காரணங்கள். பல கீசர்களில் எஃகு டேங்கின் உட்புறம் 800 டிகிரிக்கு மேல் சூளையில் சுட்ட கண்ணாடிப் பூச்சால் மூடப்பட்டிருக்கும். பூச்சில் ஊசிமுனை அளவு குறை எங்காவது இருக்கும். அந்த இடத்தில் எஃகு துருப்பிடிக்காமல் காப்பது உள்ளே தொங்கும் மக்னீசியம் கம்பி, அதாவது ஆனோடு. எஃகுக்கு முன்னால் தான் கரைந்து, அதைக் காப்பாற்றுகிறது. ஆனோடு முழுவதும் கரைந்த பிறகுதான் டேங்கின் கெட்ட காலம் தொடங்குகிறது. உப்பு மிகுந்த நீரில் அது வேகமாகக் கரையும்.

பல மாடல்களில் அந்த ஆனோடு காயில் நிற்கிற அதே தகட்டில்தான் திருகப்பட்டிருக்கிறது. காயில் மாற்றுவதற்காகத் தகட்டைக் கழற்றும்போது ஆனோடு எவ்வளவு மிச்சம் என்பது கண்ணுக்குத் தெரியும். டேங்கின் அடியில் தேங்கிய உப்புத் தூளைக் கைவிட்டு அள்ளலாம். புது ஆனோடு போட்டு, புதுக் கேஸ்கெட் வைத்து மூடலாம். பெரும்பாலான வீட்டுக் கீசர்களுக்குள் ஒருவர் எட்டிப் பார்ப்பதே காயில் போன அன்றைக்குத்தான். ஒழுங்காகச் செய்த காயில் மாற்றம் டேங்கின் ஆயுளையும் நீட்டிவிடுகிறது. டேங்க் போய்விடும் என்று பயந்து திறக்காமலே எறிபவர்கள், பிழைக்கக்கூடிய டேங்கைத்தான் எறிகிறார்கள்.

எங்கள் பகுதியில் தனியாக வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு நிறுவனத்தின் சர்வீஸ் ஆள் வந்தார். சுவிட்சைப் போட்டுப் பார்த்தார். "மேடம், காயில் போச்சு, டேங்கும் போகப்போகுது, எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துடுங்க" என்றார். அடிமூடியின் திருகைக்கூட அவர் கழற்றவில்லை. பிறகு தெருவிலேயே வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன் வந்து, மூடியைத் திறந்து, காயிலின் இரு முனையிலும் மல்டிமீட்டரை வைத்தார். "26 ஓம் காட்டுது டீச்சர், காயில் நல்லாத்தான் இருக்கு" என்றார். நீர் அளவுக்கு மீறிக் காய்ந்தால் மின்சாரத்தை நிறுத்தும் கட்-அவுட் விழுந்திருந்தது. தெர்மோஸ்டாட்டின் முனைகள் ஒட்டிக்கொண்டதால் நீர் அதிகம் காய்ந்து, கட்-அவுட் தன் வேலையைச் செய்திருந்தது. தெர்மோஸ்டாட்டை மாற்றியதோடு பிரச்சினை தீர்ந்தது. அந்த 26 ஓம் எண்ணை எல்லா வீட்டிலும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். 230 வோல்ட்டில் 2000 வாட் தருகிற காயிலுக்கு மின்தடை ஏறத்தாழ அவ்வளவுதான் இருக்க முடியும். 3000 வாட் இன்ஸ்டன்ட் கீசருக்குப் பதினேழு, பதினெட்டு ஓம். மீட்டர் எதுவும் காட்டவில்லை என்றால் கம்பி அறுந்துவிட்டது. முனைக்கும் குழாய் உறைக்கும் நடுவே மெகா ஓம் கணக்கில் தடை இல்லையென்றால் பொடி நனைந்துவிட்டது. இந்த இரண்டு சோதனைகளையும் செய்யாமல் காயில் போச்சு என்று சொல்கிற எவரையும் நம்ப வேண்டியதில்லை. அவர் எந்த நிறுவனத்தின் சட்டை போட்டிருந்தாலும் சரி.

கரண்ட் பில் வாதத்துக்கு வருவோம். உப்புப் படிந்த பழைய காயில் கரண்டைத் தின்னும், ஐந்து நட்சத்திரப் புதுக் கீசர் மிச்சப்படுத்தும் என்கிறார்கள். 15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற ஏறத்தாழ 0.56 யூனிட் வேண்டும். இது தண்ணீரின் குணம். எந்த நிறுவனத்தாலும் இதைக் குறைக்க முடியாது. 2000 வாட் காயில் இதைச் செய்ய பதினேழு நிமிடம் ஆகும், பழையதானாலும் புதியதானாலும். நீருக்குள் மூழ்கியிருக்கும் காயிலில் பிறக்கிற சூடு நீரைத் தவிர வேறெங்கும் போக முடியாது. உப்புப் படிவம் காயிலின் ஆயுளைக் குறைக்கும் என்பது உண்மை. பில்லை ஏற்றும் என்பது உண்மையல்ல.

அப்படியானால் நட்சத்திரம் எதை அளக்கிறது? சூடாக்கி வைத்த நீர் 24 மணி நேரத்தில் டேங்கின் சுவர் வழியாக எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்பதை அளக்கிறது. நாள் முழுவதும் கீசரைப் போட்டே வைத்திருக்கும் விடுதிக்கு அந்தக் கணக்கு முக்கியம். காலையில் போட்டு, குளித்து முடித்ததும் அணைக்கிற குடும்பத்துக்கு அந்த இழப்பு மிகச் சிறியது. பல ஆயிரம் ரூபாய் செலவழித்து, மாதத்துக்குச் சில யூனிட்டைத் துரத்துவதைச் சேமிப்பு என்று சொல்லக்கூடாது.

நான் மிகவும் மதிக்கிற எதிர்வாதம் பாதுகாப்பு பற்றியது. தண்ணீரும் மின்சாரமும் சந்திக்கிற இடம், குழந்தைகள் குளிக்கிற இடம். அந்தப் பயம் சரியான பயம். ஆனால் அது தவறான இடத்தில் போய் நிற்கிறது. கீசரால் உயிர் போகும் விபத்துகளுக்கு வழிவகுப்பவை எவை? எர்த் இல்லாத பிளக். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தை நிறுத்த வேண்டிய ஈ.எல்.சி.பி. போடாத வீடு. உப்படைத்துப் போன பாதுகாப்பு வால்வு. இவற்றோடு ஒரு கொடிய பழக்கமும் உண்டு: கட்-அவுட் அடிக்கடி விழுகிறது என்பதற்காக "டைரக்ட்" கொடுத்துவிடுவது. காரணம் தேடாமல் கட்-அவுட்டின் இரண்டு ஒயரையும் முறுக்கிச் சேர்த்துவிடுகிறார்கள். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டால் இனி காயிலை நிறுத்த யாரும் இல்லை. வால்வும் அடைத்திருந்தால் டேங்க் வெடிகுண்டாகிவிடுகிறது. இப்படி டைரக்ட் கொடுப்பதைப் பழுதுபார்ப்பு என்று நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதைச் செய்கிறவரைத் தடுக்க வேண்டும், அவருக்குக் காசு கொடுத்து அனுப்பவே கூடாது.

ஆனால் புதுக் கீசர் வாங்கினால் இந்த ஆபத்துகள் நீங்கிவிடுமா? எர்த் இல்லாத அதே பிளக்கில்தான் புதியதையும் மாட்டப்போகிறார்கள். வாங்கிய கையோடு ஈ.எல்.சி.பி. பற்றி யாரும் கேட்பதில்லை. புதிது என்ற நிம்மதியே எச்சரிக்கையை மழுங்கடித்துவிடுகிறது. காயில் மாற்ற வருகிற நல்ல மெக்கானிக்கோ எம்.சி.பி.யை இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்து, டேங்கை வடித்து, எர்த் ஒயர் தகட்டில் இறுகியிருக்கிறதா என்று பார்க்கிறார். 2000 வாட் காயில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கிறது. முனைத் திருகு சற்றே தளர்ந்தாலும் அங்கே கருகும். அதையும் பார்த்து இறுக்குகிறார். முடித்ததும் முதலில் வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்று போய் நீர் சீராக வரும் வரை காத்திருந்து, அதன் பிறகே சுவிட்ச் போடுகிறார். டேங்க் நிறையும் முன் சுவிட்ச் போட்டால் புதுக் காயில் கொஞ்ச நேரத்திலேயே கருகிவிடும். "மாத்தின காயில் ஒரு நாள்கூட நிக்கல" என்ற பழிச்சொற்களில் பல இந்தப் பொறுமையின்மையில் பிறந்தவை.

செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காயில் சில நூறு ரூபாய். கேஸ்கெட், ஆனோடு, கூலி எல்லாம் சேர்த்தாலும் தெரிந்த மெக்கானிக்கிடம் பெரும்பாலும் ஆயிரத்து ஐந்நூறுக்குள் முடியும். கம்பெனி சர்வீஸ் என்றால் கூடும். புதுக் கீசர் ஆறாயிரத்திலிருந்து பத்தாயிரம் வரை போகும். மாட்டுகிற கூலி, புது இணைப்புக் குழாய், பழைய துளைகளோடு பொருந்தாத பிராக்கெட்டுக்காக டைல்ஸில் போடும் புதுத் துளைகள் எல்லாம் தனி. எக்ஸ்சேஞ்சில் போன பழைய கீசரை உடைத்தால் எஃகும் செம்பும் காயலாங்கடையில் விலைபோகும். டேங்கைச் சுற்றியிருந்த பாலியூரித்தேன் நுரையை உருக்கி மறுபடி வார்க்க முடியாது. அது குப்பை மேட்டுக்குப் போகிறது, அல்லது எரிக்கப்பட்டு நம் மூச்சுக்குள் வருகிறது. சில நூறு கிராம் எடையுள்ள ஒரு பாகத்துக்காகப் பத்து கிலோ அளவுள்ள சாதனத்தை இப்படிச் சிதைக்கிறோம்.

எறிய வேண்டிய கீசரும் உண்டு. டேங்கின் உடம்பிலேயே ஓட்டை விழுந்து, கேஸ்கெட் மாற்றியும் நீர் ஒழுகினால் அதை ஒட்டுப்போடக் கூடாது. வெளிமூடி சூட்டில் நொறுங்கி ஒயர்கள் வெளியே தெரிந்தால் விட்டுவிட வேண்டும். அதற்கு மேல் நான் வாதாட மாட்டேன்.

காயில் போனால் கீசரே போனது என்ற கருத்து ஏன் இவ்வளவு வலுப்பெற்றது என்றால், சாதனங்களே அதற்கு ஏற்றபடி மாற்றப்பட்டு வருகின்றன. பழைய கனத்த இஸ்திரிப்பெட்டியில் மைக்கா தகட்டில் சுற்றிய எலிமென்ட் இருந்தது. அது போனால் தெருமுனைக் கடையில் திருகைக் கழற்றி வேறொன்று வைத்துத் தருவார்கள். இன்றைய இலகு இஸ்திரிப்பெட்டிகளில் எலிமென்ட்டை அடித்தகட்டின் வார்ப்புக்குள்ளேயே புதைத்துவிடுகிறார்கள். மின்கெட்டிலிலும் அடித்தட்டோடு ஒட்டிப் பொருத்திய எலிமென்ட்டைப் பிரிக்க முடிவதில்லை. கீசரில் இன்னும் போல்ட் இருக்கிறது. நாம் போல்ட்டைத் திருகுவதை நிறுத்திவிட்டால், போல்ட் வைப்பதையும் அவர்கள் நிறுத்திவிடுவார்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சந்தையின் விருப்பத்துக்கு விட்டுவிடவில்லை. 2021 மார்ச் முதல் அங்கே துணி துவைக்கும் இயந்திரத்தைத் தயாரிக்கிறவர் அல்லது இறக்குமதி செய்கிறவர், அந்த மாடலின் கடைசி இயந்திரம் சந்தைக்கு வந்த பிறகும் குறைந்தது 10 ஆண்டுகள் பழுதுபார்ப்பவர்களுக்கு உதிரிபாகம் தர வேண்டும். 15 வேலை நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். அந்தப் பட்டியலில் ஹீட்டரும் வெப்ப எலிமென்ட்டும் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கின்றன. இங்கே நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கான இணையவாசல் தொடங்கப்பட்டது. வீட்டுச் சாதனங்கள் அதன் நான்கு துறைகளில் ஒன்று. நல்ல தொடக்கம். ஆனால் இதற்கென்று தனிச் சட்டம் இன்னும் இல்லை.

வேலை தெரிந்த ஆள் இல்லை என்பதும் சாக்காகாது. ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் படிப்பின் இரண்டு ஆண்டுப் பாடத்திட்டத்திலேயே இஸ்திரிப்பெட்டி, கெட்டில், கீசர் ஆகியவற்றைப் பழுதுபார்க்கும் பயிற்சி இருக்கிறது. படித்து வெளியே வருகிற பிள்ளைகளுக்கு அந்த வேலையை நாம் தருவதில்லை. எக்ஸ்சேஞ்ச் ஆட்டோவில் ஏற்றிவிடுகிற ஒவ்வொரு கீசரும் அவர்களில் ஒருவர் கையிலிருந்து ஒரு நாள் கூலியைப் பறிக்கிறது.

அரசு கீசருக்கென்று ஒரு பட்டியல் போட வேண்டும். காயில், தெர்மோஸ்டாட், கட்-அவுட், கேஸ்கெட், ஆனோடு, வால்வு, இந்த ஆறும் மாடல் நிறுத்தப்பட்ட பின்பும் 10 ஆண்டுகள் கிடைக்க வேண்டும். ஒவ்வொன்றின் விலையும் வாரண்டி அட்டையிலேயே அச்சாக வேண்டும். காயிலின் வாட், ஓம், உறை உலோகம் மூன்றும் அடிமூடியில் தமிழிலும் எழுதப்பட வேண்டும். "காயில் போச்சு" என்று சர்வீஸ் ஆள் சொன்னால், மீட்டர் காட்டிய எண்ணை அவர் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.